பின்வாங்குவது என்றால் எதை வாங்குவது?

தேன்மொழி, பெங்களூரு

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழை வீட்டில் நான் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தெருவில் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் போய் வருகிறாள்.

போன வாரம் வீட்டுப்பாடத்தில் எதிர்ச்சொல் எழுதச் சொல்லியிருந்தார்கள். 'முன்னேறினான்' என்பதற்கு அவள் 'பின்வாங்கினான்' என்று எழுதினாள். அது நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதைச் சிவப்பு மையில் சுழித்து, மேலே 'பின்தங்கினான்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். குழந்தைக்கு முகமே இல்லை. நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, "தப்பா சொல்லிக் கொடுத்துட்டியாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அதோடு விடவில்லை. இரவு சாப்பிடும்போது அடுத்த கேள்வி. "பின்வாங்கினான்னா, பின்னாடி போய் என்ன வாங்கினான்?" பால் வாங்குகிறோம், பென்சில் வாங்குகிறோம், மார்க் வாங்குகிறோம். பின்னால் போகிற ஆள் எதை வாங்குகிறான்? எனக்குப் பதில் தெரியவில்லை. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது அப்படித்தான்டி, சொல்லைப் போய் யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்களா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் இவள் பிரித்துத்தான் பார்க்கிறாள். இங்கே பிறந்து வளரும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் புதிதாகத்தான் வருகிறது. "அது அப்படித்தான்" என்று ஒரு தடவை சொன்னால், இரண்டாவது தடவை கேட்க வரமாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. பின்வாங்கு, பின்னடைவு, பின்தங்கு இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? அந்த 'வாங்கு' எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் கிடைத்தால் பெரிய உதவி.

---

பாலு, நாமக்கல்

தங்கச்சி, நான் தமிழ் படித்தவன் இல்லை. இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினேன். ஆனால் நீங்கள் கேட்ட சொல்லை நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வோம்.

வண்டியைச் சந்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் கிளீனர் பின்னால் இறங்கி நின்று கையைத் தட்டுவான். "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, அப்படியே வாங்கு, வாங்கு, போதும்." வாங்கு என்றால் வண்டியை அந்தப் பக்கம் இழுத்துக்கொள் என்றுதான் எங்களுக்குப் பொருள். ரோட்டில் எதிரே பஸ் வந்தால், "ஓரமா வாங்குண்ணே" என்பான். யாரும் கடைக்குப் போய் எதுவும் வாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து வாங்குவதுதான்.

கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நீளமான வண்டி சில வளைவில் ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திரும்பி, நின்று, ஒரு தடவை பின்னால் வாங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். மலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால், லோடோடு மறுபடி எடுப்பது கஷ்டம். அதனால் நான் இறங்கும்போது கீழிருந்து ஹாரன் கேட்டால், அகலமான இடம் வரைக்கும் பின்னால் வாங்கி நிற்பேன். மேட்டில் பின்னால் ஏற்றுவது லேசான வேலை இல்லை. கிளட்ச் வாடை வரும். கிளீனர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின் டயருக்குப் பக்கத்திலேயே நடந்து வருவான்.

புதுசாக ஸ்டியரிங் பிடிக்கிற பையன்களுக்கு முன்னால் ஓட்டுவது ஒரு மாதத்தில் வந்துவிடும். பின்னால் வாங்குவதற்கு ஒரு வருடம் ஆகும். குழந்தைக்கு ஒரு பொம்மை லாரியை வைத்துக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வாள்.

---

கரிசல்காரன்

பாலு தம்பி சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார். 'இழுத்துக்கொள்' என்றாரே, அதுதான் இந்தச் சொல்லின் வேர்ப்பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மதுரையில் ஒரு நாளிதழில் இருபத்தேழு வருடம் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்தவன் நான். இந்த மூன்று சொற்களோடும் பல இரவுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் குழந்தையின் கேள்வி. அது ரொம்ப நல்ல கேள்வி அம்மா. 'வாங்கு' என்றதும் கடையும் காசும் நம் நினைவுக்கு வருவது பின்னாளில் வந்த பழக்கம். பழைய தமிழில் வாங்குதல் என்றால் வளைதல், வளைத்தல், இழுத்தல். புறநானூற்றில் 129-ஆம் பாட்டில் 'வாங்கு அமைப் பழுனிய தேறல்' என்று வருகிறது. அமை என்றால் மூங்கில். வளைந்த மூங்கில் குழாயில் ஊற்றி வைத்து முதிர்ந்த கள் என்று பொருள். விலைக்கு வாங்கிய மூங்கில் இல்லை.

பழம்பாட்டு வரைக்கும் போகவே வேண்டாம், இன்றைக்கு நாம் பேசுகிற பேச்சிலேயே அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காற்றை உள்ளே இழுக்கிறோம். மேஸ்திரி ஆட்களிடம் வேலை வாங்குகிறார். அவர்களிடமிருந்து வேலையை இழுத்து எடுக்கிறார். "உயிரை வாங்காதே" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். எல்லாவற்றையும் விட ஒன்று இருக்கிறது. 'வைத்த கண் வாங்காமல் பார்த்தான்' என்கிறோமே, அதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். ஓரிடத்தில் வைத்த கண்ணைத் திரும்ப இழுக்காமல் பார்த்தான். அங்கே வாங்குவது என்றால் அச்சாகப் பின்வாங்குவதுதான். பின்வாங்குகிறவன் கடையில் எதையும் வாங்கவில்லை, முன்னால் வைத்த காலை வாங்கிக்கொள்கிறான், அதாவது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குத் தாங்காது. அதற்குக் காரணம் எங்கள் கிணறு.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். பம்புசெட் வருகிற வரைக்கும் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். இரண்டு மாடுகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டி மேட்டில் நிற்கும். நுகத்தடியிலிருந்து வடக்கயிறு உருளை மேலாகக் கிணற்றுக்குள் இறங்கும். அதன் நுனியில் தண்ணீர் மொள்ளுகிற சால், சாலுக்குக் கீழே தண்ணீரை வெளியே விடுகிற தோல்வால். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் நீரோடு மேலே வரும். அப்பா அந்த நேரம் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் கனமும் சேர்ந்து இழுக்கும். தோல்வால் விரிந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும், வாய்க்காலில் ஓடும்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கொட்டிய பிறகு மாடுகள் என்ன செய்யும்? திரும்பி நடந்து மேட்டுக்கு வரும் என்றுதான் நினைப்பீர்கள். வராது. திரும்பினால் கயிறு முறுக்கிக்கொள்ளும். இரண்டு மாடும் அப்படியே, முகம் போன திசையிலேயே இருக்க, பின்னங்காலை எடுத்து வைத்து எடுத்து வைத்துச் சரிவில் ஏறி வரும். அப்பா கயிற்றிலிருந்து இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, "வாங்கு, வாங்கு, பின்னாடி வாங்கு" என்று மெல்லச் சொல்லுவார். அதட்டமாட்டார். மாட்டுக்குப் பின்னால் கண் கிடையாது, பின்னால் இருப்பது கிணறு. அந்தக் குரலை நம்பித்தான் அது காலை எடுத்து வைக்கிறது. கிணற்று விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் தானாக நிற்கும். சால் தண்ணீரைத் தொட்டு நிறைகிற 'குபுக்' சத்தம் கேட்டதும் மறுபடி இறங்கும். விடிவதற்கு முன்னால் பூட்டினால் வெயில் ஏறுகிற வரைக்கும் இதே நடை.

மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடியைப் பார்க்கும்போது அப்பா பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், அப்புறம் கயிற்றைப் பிடித்துப் பத்தடி பின்னால் நடத்திப் பார்ப்பார். இழுக்கிற மாடு எல்லா ஊரிலும் கிடைக்கும், பின்வாங்கத் தெரிந்த மாடுதான் கமலைக்கு ஆகும் என்பார். அந்த நடை இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது.

அதனால் எனக்கு இந்தச் சொல் கோழைத்தனத்தின் பெயராகத் தோன்றியதே இல்லை. பின்வாங்கும்போது முகம் திரும்புவதில்லை. அதுதான் அந்தச் சொல்லின் உயிர். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினால் அதற்கு நம் முன்னோர் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்: புறங்கொடுத்தல், புறமுதுகு காட்டுதல். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் ஆட்டுக்கிடாயை உதாரணம் காட்டுகிறார்.

ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து.

தகர் என்றால் கிடாய். பேர்தல் என்றால் பின்னால் நகர்தல். சண்டைக்கிடாய் முட்டுவதற்காகப் பின்னால் போகிறதே, ஊக்கமுள்ளவன் அடங்கி இருப்பதும் அந்த மாதிரி என்கிறார். கிடாய்முட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பின்னால் போகும்போது கண் எதிரி மேலேயே இருக்கும்.

இப்போது மூன்று சொல்லுக்கும் வருகிறேன். பின்வாங்குவது நாமாக எடுக்கிற முடிவு. பின்னடைவு நமக்கு நேர்வது. பின்தங்குவது மற்றவர்களின் வேகத்துக்கு நாம் ஈடுகொடுக்காதது. தேர்தல் வாக்கு எண்ணுகிற நாளில் 'முன்னிலை', 'பின்னடைவு' என்று எழுதுவார்கள். அப்படி ஒரு நாள் இரவு, பிழை பார்க்கக் கொடுத்த பக்கத்தில் ஒரு வேட்பாளர் 'மூன்றாவது சுற்றில் பின்வாங்கினார்' என்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பையன் எழுதியது. ஓட்டு குறைந்தது என்றுதான் அவன் சொல்ல வந்தான். படிக்கிறவர்களுக்கு அந்த மனிதர் போட்டியை விட்டே ஒதுங்கிவிட்டதாகப் போய்ச் சேரும். பக்கம் அச்சுக்குப் போகப் பத்து நிமிடம் இருந்தது. ஓடிப் போய்ப் பிடித்து மாற்றினேன். அந்தப் பையனை உட்கார வைத்து, "தம்பி, அவர் எங்கேயும் போகலை, அங்கேயேதான் நிக்கிறார், ஓட்டுதான் வரலை" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அந்தச் சொல்லில் தவறவே இல்லை.

ஆக, உங்கள் மகள் எழுதியது தப்பில்லை அம்மா. படை முன்னேறினால் எதிர்ச்சொல் பின்வாங்கியது. படிப்பில் முன்னேறினால் பின்தங்கினான். எந்த இடம் என்று சொல்லாமல் ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் சரி என்பது நியாயம் இல்லை. சிவப்பு மை பிடித்தே பிழைத்தவன் நான், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன். வகுப்பு எடுக்கிறவரிடம் பதமாகப் பேசிப் பாருங்கள்.

---

மணக்குடிக்காரி

கரிசல்கார ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாடு பின்னால் நடந்து வருகிற இடத்தில், "அய்யோ மக்ளே, கிணறு கிடக்கே" என்று பதறிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடி. பழையாறு கடலில் சேருகிற இடம். 'கடல் உள்வாங்கியது' என்று செய்தியில் வருமே, அதிலும் இதே வாங்குதான். ஆனால் எங்கள் ஆட்கள் வாயில் வேறு மாதிரி வரும். "கடலு உள்ள வலிஞ்சு கெடக்கு" என்பார்கள். எங்களுக்கு வலிப்பது என்றால் இழுப்பது. கயிறு வலிக்கிறது, வலை வலிக்கிறது, துடுப்பு வலிக்கிறது. பக்கத்தில் மலையாளத்திலும் கடல் 'உள்வலிஞ்ஞு' என்றுதான் செய்தி வாசிப்பார்கள். ஐயா சொன்ன 'வாங்கு என்றால் இழு' என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஒரே வேலைக்கு அங்கே வலி, இங்கே வாங்கு.

மலையாளத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தானாகப் பின்னால் போவதற்குப் 'பின்வாங்ஙுக'. கொடுத்ததைத் திரும்ப எடுப்பதற்குப் 'பின்வலிக்குக'. 2023-இல் 2000 ரூபாய் நோட்டை எடுத்தபோது அவர்கள் 'பின்வலிச்சு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள். நம் பத்திரிகைகள் 'வாபஸ்' என்றும் 'திரும்பப் பெறப்படும்' என்றும் எழுதின. நமக்கு ஏன் அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லாமல் போனது என்று ஐயாவிடம் கேட்க வேண்டும்.

கடலைப் பற்றி இதையும் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் யாரும் 'கடல் பின்வாங்கியது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடலுக்குப் பின் என்று ஒரு பக்கம் கிடையாது, உள் என்றுதான் உண்டு. மீன் பிடிக்கப் போவதே 'உள்ளே போவது'தான். அதனால் தண்ணீரும் உள்ளேதான் போகும்.

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், ஏறுவதும் கூடும், இறங்குவதும் கூடும். அந்த நாட்களில் கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்து விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள். திருச்செந்தூரிலும் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். வந்தவர்கள் அதன் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் பேப்பரில் 'திடீரென உள்வாங்கிய கடல், மக்கள் அச்சம்' என்று வரும். அதில் திடீர் என்று எதுவும் இல்லை. எங்கள் தாத்தா பிறையைப் பார்த்தே எந்த நேரத்துக்கு எங்கே மணல் தெரியும் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் அந்தத் தலைப்பைப் பார்க்கிற அன்றைக்கு அம்மா தூங்கமாட்டார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினான்கு வயது. நாங்கள் நாகர்கோவிலில் சித்தி வீட்டில் இருந்தோம். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கன்னியாகுமரியில் கடல் உள்ளே போனதையும் பாறைகள் தெரிந்ததையும் பார்த்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலம் இல்லை. எவ்வளவு கனமான கான்கிரீட், தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருந்தது. அம்மா கரையில் நின்று, "உள்ள வலிஞ்சது சும்மா வலியல்ல" என்று மட்டும் சொன்னார்கள். ஐயா சொன்ன கிடாயைப் படித்தபோது எனக்கு இந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

அதனால் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமாவாசை இறக்கத்துக்குப் போய்த் 'திடீர்' என்று போடாதீர்கள். எங்கள் கரையில் அந்தச் சொல்லைப் படிக்கிறவர்கள் வேறு மாதிரி படிக்கிறார்கள்.

---

வலிகாமத்தான்

தேன்மொழி அக்கா, எங்கள் பக்கத்துச் சொல் இரண்டு மூன்றைத் தருகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் இருப்பவன். எனக்கும் இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டு, அவர்களும் உங்கள் மகள் மாதிரித்தான் கேட்பார்கள்.

முதலில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் 'வாங்கு' என்றால் பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது உட்காருகிற பலகை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருந்ததெல்லாம் வாங்கில்தான். அது போர்த்துக்கீசர் விட்டுப் போன சொல், இந்த வாங்குக்கும் அதற்கும் உறவில்லை. அதனால் என் மகன் 'பின்வாங்கு' என்பதை வகுப்பின் கடைசி வாங்கு என்றே நினைத்திருந்தான்.

வாகனத்தை நாங்கள் பின்னால் வாங்கச் சொல்வதில்லை. "பின்னுக்கு எடுங்கோ" என்போம். ஒரு வேலையைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கி நிற்பவனை "பின்னடிக்கிறான்" என்போம். "காசு தாறன் எண்டவன், இப்ப பின்னடிக்கிறான்." தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைச் சொன்னால் முழிக்கிறார்கள், ஆனால் எங்கள் பத்திரிகைகளில் 'அரசு பின்னடிக்கிறது' என்று சர்வசாதாரணமாக வரும். பின்வாங்கினவன் முடிவு எடுத்துவிட்டான். பின்னடிக்கிறவன் இன்னும் எடுக்கவில்லை, இழுத்தடிக்கிறான். இந்த நடுவிலுள்ள நிலைக்கு ஒரு சொல் இருப்பது எனக்குப் பிடிக்கும். சென்னை நண்பர் ஒருவர் "ஜகா வாங்கிட்டான்" என்பார், அது முடிவெடுத்தவனுக்கு உரிய சொல் என்று நினைக்கிறேன். அதிலும் வாங்குதான் நிற்கிறது பாருங்கள்.

யுத்த காலத்தில் எங்கள் பேப்பர்களில் 'பின்வாங்கல்' என்றும் 'பின்னகர்வு' என்றும் வரும். 'தந்திரோபாயப் பின்னகர்வு' என்று படித்தால் பெரியவர்கள் ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைப்பார்கள். அடுத்ததாக எந்த ஊர் எழும்ப வேண்டும், அதாவது வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் எழும்பியது. எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, அதற்கு மேல் நான். மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வழியில் சனம் சனமாக நின்றது. ஒரு லான்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சக்கர உழவு இயந்திரம், சேற்றில் இறங்கிவிட்டது. அதைப் பின்னுக்கு எடுத்தால்தான் வெளியே வரும். பின்னுக்கு எடுக்க ஒரு அடி இடமில்லை, பின்னால் முழுக்கச் சனம். அதை ஓட்டி வந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ, கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ" என்று கும்பிட்டுக் கேட்டார். யாராலும் போக முடியவில்லை. கடைசியில் ஆட்கள் சேர்ந்து அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள்.

கமலை மாட்டைப் பற்றிப் படித்தபோது பின்னால் நடக்க இடம் இருப்பதும் ஒரு கொடுப்பினை என்று தோன்றியது. அதனால் எழுதினேன்.

---

கரிசல்காரன்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பின்னடித்தல் எங்களுக்கு வேண்டிய சொல். இங்கே 'இழுத்தடிக்கிறான்' என்று ஒப்பேற்றுகிறோம்.

மணக்குடி மகளுக்கு: 'வாபஸ்' பாரசீகத்திலிருந்து உருது, இந்தி வழியாக இங்கே வந்த சொல். தாலுகா, ஜப்தி, வக்காலத்து போன்ற கச்சேரிச் சொற்களோடு, அதாவது அரசு அலுவலக, நீதிமன்றச் சொற்களோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. நாங்கள் தலைப்புக்கு அதை எடுத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒற்றைப் பத்தித் தலைப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' அடங்காது, 'வாபஸ்' அடங்கும். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் எடுக்கப்பட்டபோது 'வாபஸ்' என்றும் 'அரசு பின்வாங்கியது' என்றும் இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. சட்டத்தைச் சொன்னால் வாபஸ், அரசைச் சொன்னால் பின்வாங்கியது. எதைச் சொல்கிறோம் என்று பார்த்தால் குழப்பம் வராது. 'பின்வலித்தல்' தமிழிலும் செல்லும் என்றுதான் எனக்குப் படுகிறது, வலித்தல் நம் சொல்தானே. குமரி மாவட்டத்துக்காரர்கள் எழுத ஆரம்பியுங்கள், மற்றவர்கள் பழகிக்கொள்வார்கள்.

---

தேன்மொழி, பெங்களூரு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவளை எதிரே உட்கார வைத்து, வைத்த கண் வாங்காமல் யார் அதிக நேரம் பார்ப்பது என்று விளையாடினோம். மூன்று தடவை அவளே ஜெயித்தாள். நான்காவது தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, "நான் கண்ணை வாங்கிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "ஓ, அப்ப அவன் காலை வாங்கிட்டானா?" என்று கேட்டாள். நான் அதுவரை விளக்கமே சொல்லவில்லை.

வகுப்பு எடுக்கிறவரிடமும் பேசினேன். அவர் கரிசல்கார ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு, நோட்டில் இரண்டு சொல்லையும் சரி என்று போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் கமலையைப் பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லப் போகிறாராம். படம் இருந்தால் அனுப்ப முடியுமா ஐயா? மாடு பின்னால் நடந்து வருகிற படம் வேண்டுமாம், இவள் கேட்கச் சொன்னாள்.

---

கரிசல்காரன்

படம் எடுத்து வைத்ததில்லை அம்மா. கிணறு இருக்கிறது, சரிவு பாதி தூர்ந்து கிடக்கிறது, உருளை தாங்கிய கல்தூண் இரண்டும் நிற்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அப்பாவின் வடக்கயிறு அந்தக் கல்லில் அறுத்த தடம் விரல் ஆழத்துக்கு இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்புகிறேன். மாட்டை வரைந்து தர என் பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.